உறங்கும் ஈ உணர்த்தும் உண்மை

மனித வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உறக்கத்தில் கழிகிறது. 60 ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் அவற்றுள் 20 ஆண்டுகளைக் கண்மூடியே கழித்திருப்பார். இக்கணக்கை எண்ணிப் பார்க்கும் எவருக்கும் உள்ளூர ஒரு வருத்தம் எழுவது இயல்பே. இழந்துவிட்ட காலம் என்றே பலரும் அதனைக் கருதுகின்றனர். நீண்ட நேரம் உறங்குபவரைக் கும்பகர்ணன் என்று நகையாடுகிறோம். நள்ளிரவு கடந்தும் விளக்கெரிய விட்டுப் படிக்கும் மாணவரை முயற்சியுடையவர் என்று மெச்சுகிறோம். உறக்கத்தைக் குறைப்பதே உழைப்பின் அடையாளம் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது.

ஆயினும் இயற்கையை உற்று நோக்குவோர்க்கு ஒரு வினா எழாமல் இராது. உறங்கும் உயிர் இரை தேடுவதில்லை, துணை தேடுவதில்லை, தன் குஞ்சுகளைக் காப்பதில்லை, பகை நெருங்கினால் உடனே அறிவதுமில்லை. இத்துணை இடர் நிறைந்த ஒரு நிலை எப்பயனும் அற்றதாக இருந்திருப்பின், உயிரினங்களின் நெடிய வரலாற்றில் அது என்றோ மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. அப்படியானால் உறக்கத்தின் பயன்தான் யாது?

இவ்வினாவுக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த விடைகளுள் சிந்தனைக்குரிய ஒன்று, நாம் கையால் விரட்டிவிட்டு மறந்துவிடும் ஓர் உயிரிடமிருந்து வந்தது. கனிந்து கறுத்த வாழைப்பழத்தின்மேல் மொய்க்கும் சிறு பழ ஈயே அவ்வுயிர். அதன் மூளை ஒரு கசகசா விதை அளவே உடையது. அவ்வீ கற்கிறது, உறங்குகிறது, உறங்குவதால் கற்றதைக் காத்துக்கொள்கிறது என்று அறிவியலாளர் கண்டறிந்த வரலாற்றைச் சற்றே பின்தொடர்வது நமக்குப் பயன்தரும்.

இரு பழங்குறிப்புகள்

பூச்சிகளும் உறங்குகின்றன என்னும் கருத்து புதியதன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், விலங்குகளைப் பற்றிய தம் நூலில் பூச்சிகளின் உறக்கத்தைக் குறிப்பிடுகிறார். இரவில் தேனீக்களின் ரீங்காரம் அடங்கிவிடுவதை அவர் சான்றாகக் காட்டினார். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமையில் சொற்கலை கற்பித்த குவிண்டிலியன் வேறொன்றைக் கவனித்தார். முதல்நாள் சரளமாகச் சொல்ல இயலாத பாடம், ஓர் இரவு கழிந்தபின் எளிதாக நாவில் வருகிறது என்பதே அது. அதன் காரணம் அவருக்கு விளங்கவில்லை. வியப்பை மட்டும் எழுதிவைத்தார்.

ஒன்று, பூச்சியின் உறக்கம். மற்றொன்று, இரவு கடந்து வலுப்பெறும் நினைவு. இவ்விரு குறிப்புகளும் ஒன்றையொன்று சந்திக்க ஏறத்தாழ 2000 ஆண்டுகள் ஆயின.

நினைவுக்கும் உறக்கத்துக்கும் உள்ள உறவை ஆய்வுமுறையில் சோதித்தவர்களுள் முன்னோடிகள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகிய இருவர். அவர்கள் 1924 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மாணவர்கள் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தனர். மனப்பாடம் செய்தபின் சில வேளைகளில் உறங்கினர். சில வேளைகளில் விழித்திருந்து அன்றாட வேலைகளில் ஈடுபட்டனர். உறங்கி எழுந்தபோது நினைவில் எஞ்சியவை, விழித்திருந்தபின் எஞ்சியவற்றைவிட மிகப் பலவாக இருந்தன. இதற்கு அவ்விருவர் கூறிய விளக்கம் எளிமையானது: பகலில் புதிய செய்திகள் வந்து பழையவற்றை அழிக்கின்றன, உறக்கம் அவற்றை உள்ளே வரவிடாமல் கதவடைக்கிறது. அவர்கள் பார்வையில் உறக்கம் ஒரு காவல் மட்டுமே. அது தானாக எதையும் செய்வதில்லை.

நினைவு மூளையில் எங்கே தங்குகிறது என்னும் வினாவுக்கு இதற்கு முன்பே ஒரு வழி திறந்திருந்தது. ஸ்பெயின் நாட்டு உடற்கூற்று அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹால், மூளை ஒரே தொடர்ச்சியான வலை அன்று, தனித்தனி நரம்பணுக்களால் ஆனது என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவினார். ஒரு நரம்பணு மற்றொன்றோடு உறவாடும் நுண்ணிய இடத்துக்கு 1897 இல் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன் 'சினாப்ஸ்' என்று பெயரிட்டார். அதனை நாம் நரம்புச் சந்திப்பு எனலாம். நாம் ஒன்றைக் கற்கும்போது இச்சந்திப்புகள் வலுப்பெறுகின்றன என்பதே இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. கஹால் 1915 இல் டொமிங்கோ சான்செஸுடன் இணைந்து பூச்சிகளின் கண்ணோடு தொடர்புடைய நரம்பு மையங்களை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அத்துணைச் சிறிய தலைக்குள் அத்துணை நுட்பமான அமைப்பைக் கண்டு அவர் பெரிதும் வியந்தார்.

ஆய்வறைக்கு வந்த ஈ

பழ ஈயை உலகப் புகழ்பெறச் செய்தவர் தாமஸ் ஹன்ட் மார்கன். நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிற்றறையில், பால் புட்டிகளில் வாழைப்பழம் இட்டு ஈக்களை வளர்த்தார். 1910 இல் செந்நிறக் கண்களுடைய ஈக்களின் நடுவே வெண்ணிறக் கண்களுடைய ஆண் ஈ ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதன் வழித்தோன்றல்களை ஆராய்ந்தே மரபுக் கூறுகள் குரோமோசோம்களில் அமைந்துள்ளன என்று அவரும் அவருடைய மாணவர்களும் காட்டினர். மார்கனுக்கு 1933 இல் நோபெல் பரிசு கிடைத்தது. பழ ஈ ஏறத்தாழ 10 நாள்களில் ஒரு தலைமுறை காண்பது. ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடுவது. வளர்ப்பதற்கு ஆகும் செலவும் சொற்பமே. இவையே அதன் தகுதிகள்.

மார்கன் ஈயின் கண்ணையும் இறகையும் பார்த்தார். அதன் நடத்தையைப் பார்த்தவர் சீமோர் பென்சர். இயற்பியலில் தொடங்கி உயிரியலுக்கு வந்த இவர், கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் 1960களின் இறுதியில் துணிவான ஒரு வினாவை எழுப்பினார். ஓர் உயிரின் நிறத்தையும் வடிவத்தையும் மரபணு வகுக்குமாயின், அதன் நடத்தையிலும் அதற்குப் பங்குண்டா? அக்காலத்தில் இவ்வினாவை ஐயத்தோடு நோக்கியவர் பலர்.

விடை விரைவிலேயே வந்தது. பென்சரின் மாணவர் ரொனால்டு கொனோப்கா 1971 இல் நாள்வட்டம் பிறழ்ந்த மூவகை ஈக்களைக் கண்டார். ஒருவகையின் நாள் 19 மணி நேரம். இன்னொன்றின் நாள் 28 மணி நேரம். மூன்றாவதற்கு ஒழுங்கான நாளே இல்லை. மூன்றிலும் மாறியிருந்தது ஒரே மரபணு. உடற்கடிகாரத்தின் இந்த மரபணுவைத் தொடர்ந்து ஆராய்ந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவரும் 2017 இல் நோபெல் பரிசு பெற்றனர். உடற்கடிகார ஆய்வில் நம் நாட்டினருக்கும் பங்குண்டு. ஜெர்மனியில் பழ ஈயின் ஓர் இனத்தைக் கொண்டு இத்துறையில் ஆய்வு செய்த எம்.கே. சந்திரசேகரன், பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வௌவால்களின் நாள்வட்டத்தை ஆராய்ந்தார். பென்சருடன் பணியாற்றிய ஒபைத் சித்திக்கி, பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் பழ ஈயின் சுவை, மணம் ஆகிய புலன்களின் மரபியலை வளர்த்தார்.

ஈ கற்குமா என்பது அடுத்த வினா. 1974 இல் குவின், ஹாரிஸ், பென்சர் ஆகியோர் இரு வேறு மணங்களை ஈக்களுக்குக் காட்டினர். ஒரு மணம் வரும்போது மட்டும் மெல்லிய மின்னதிர்ச்சி தந்தனர். பின்னர் அதிர்ச்சி இல்லாதபோதும் ஈக்கள் அம்மணத்தை விட்டு விலகின. சிற்றுயிர் கற்றது, கற்றதை நினைவிலும் வைத்தது. 1976 இல், பாடம் ஏறாத ஓர் ஈ வகை கிடைத்தது. அதற்கு 'டன்ஸ்' என்று பெயரிட்டனர். ஆங்கிலத்தில் மந்தபுத்தியுடையவரைக் குறிக்கும் சொல் அது. 1308 இல் மறைந்த பிரான்சிஸ்கன் மெய்யியலாளர் ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸின் வழிவந்தோரைப் பிற்காலத்தவர் ஏளனம் செய்ததால் பிறந்த சொல் என்பது ஒரு வரலாற்று விந்தை. நுண்மாண் நுழைபுலம் மிக்க ஓர் அறிஞரின் பெயர் மந்தபுத்திக்குப் பெயராகி, இறுதியில் ஓர் ஈயின் மரபணுவில் வந்து தங்கிற்று.

இம்மந்த ஈயைப் பின்தொடர்ந்தவர்கள், நினைவு உருவாவதில் பங்குபெறும் ஒரு சிறு வேதிப்பொருளின் சமநிலையே அதில் கெட்டிருந்தது என்று அறிந்தனர். அதே வேதிப்பொருளைக் கடல் நத்தையின் நினைவிலும் கண்டவர் எரிக் காண்டல். அவர் 2000 இல் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவர். ஈயிலும் நத்தையிலும் நினைவின் அடித்தளம் ஒன்றாகவே இருந்தது. ஈயின் மூளையில் மண நினைவின் இருப்பிடம், காளான் வடிவில் அமைந்ததால் 'காளான் உடல்' எனப்படும் பகுதி என்பதும் பின்னர் உறுதியாயிற்று.

ஓய்வா, உறக்கமா?

கற்கும் ஈ கிடைத்துவிட்டது. ஆனால் அது உறங்குகிறதா? இரவில் அசையாமல் நிற்கும் ஈயைக் கண்டு உறங்குகிறது என்று சொல்லிவிட முடியாது. களைப்பால் சும்மா இருக்கலாம், குளிரால் விறைத்திருக்கலாம். மனிதரிலும் பாலூட்டிகளிலும் மூளையின் மின்னலைகளைக் கொண்டு உறக்கத்தை அறிகிறோம். கசகசா அளவு மூளையில் அவ்வாறு அளப்பது எளிதன்று. ஆகவே நடத்தையைக் கொண்டு உறக்கத்தை வரையறுக்க வேண்டியதாயிற்று. 1983 இல் சுவிட்சர்லாந்தின் ஐரின் டோப்ளர், கரப்பான் பூச்சிகளின் ஓய்வைத் தடுத்தால் பின்னர் அவை அதனை ஈடுசெய்கின்றன என்று காட்டி இதற்கு வழிவகுத்தார்.

2000ஆம் ஆண்டில், ஒருவரையொருவர் சாராத இரு குழுவினர் பழ ஈயின் உறக்கத்தை அறிவித்தனர். ஒன்று, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோன் ஹென்ட்ரிக்ஸ், அமிதா சேகல், ஆலன் பேக் ஆகியோரின் குழு. மற்றொன்று, சான் டியேகோ நகரில் பால் ஷா, கியாரா சிரெல்லி, ரால்ஃப் கிரீன்ஸ்பன், ஜூலியோ டொனோனி ஆகியோரின் குழு. அவர்கள் கண்டவை நம்மை நமக்கே நினைவூட்டுவன. ஈ தனக்கென்று ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்கிறது. அங்கே 150 நிமிடங்களுக்கும் மேலாக அசையாமல் இருக்கக்கூடும். மெல்லத் தட்டினால் விழிப்பதில்லை. வன்மையாகத் தட்டினால் விழிக்கிறது. ஓர் இரவு உறங்கவிடாமல் செய்தால், மறுநாள் கூடுதலாக உறங்கி ஈடுசெய்கிறது. இளம் ஈ மிகுதியாக உறங்குகிறது. முதிய ஈயின் உறக்கம் குறைகிறது. காப்பியில் உள்ள காஃபீன் நம்மை விழித்திருக்கச் செய்வதுபோலவே ஈயையும் விழித்திருக்கச் செய்கிறது! 2002 இல், உறங்கும் ஈயின் மூளையில் மின்செயற்பாடு மாறுவதையும் ஆய்வாளர் அளந்து காட்டினர்.

மனிதனின் மூதாதையும் ஈயின் மூதாதையும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டனர். அவ்வளவு நெடிய பிரிவுக்குப் பின்னும் இருவருக்கும் உறக்கம் பொதுவாக இருக்கிறது. அப்படியாயின் உறக்கம் உயிர்களின் மிகப் பழைய தேவைகளுள் ஒன்றாதல் வேண்டும்.

பகலில் ஏறுவதும் இரவில் இறங்குவதும்

டொனோனியும் சிரெல்லியும் பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். அங்கே 2003 இல் அவர்கள் வெளியிட்ட கருதுகோள் உறக்க ஆய்வின் போக்கையே மாற்றிற்று. அதன் சாரத்தை இவ்வாறு கூறலாம். விழித்திருக்கும்போது நாம் ஓயாது கற்கிறோம். பெரியது சிறியது என்றில்லாமல் காண்பன, கேட்பன எல்லாம் மூளையில் தடம் பதிக்கின்றன. அதனால் நரம்புச் சந்திப்புகள் பல இடங்களில் வலுவேறிக்கொண்டே போகின்றன. ஆனால் வலுவான சந்திப்புக்கு மிகுந்த ஆற்றல் வேண்டும், இடமும் வேண்டும். நம் உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. இந்த ஏற்றம் ஓயாது தொடர்ந்தால் மூளை தாங்காது. புதியதைக் கற்கவும் இடம் இராது. ஆகவே உறக்கத்தில் சந்திப்புகள் பொதுவாக வலுக் குறைகின்றன. பகலில் ஏறியது இரவில் இறங்குகிறது.

வலு குறைந்தால் நினைவு அழியாதா? ஓர் அறையில் அனைவரும் உரக்கப் பேசினால் எவர் சொல்லும் நமக்கு விளங்குவதில்லை. அனைவரும் ஒரே அளவில் குரலைத் தாழ்த்தினால், முன்னர் மெல்லப் பேசியவர்களின் முணுமுணுப்பு மறையும். முன்னர் உரக்கப் பேசியவரின் சொல் மட்டும் தெளிவாகக் கேட்கும். மூளையிலும் அவ்வாறே ஆழமாகப் பதிந்தவை எஞ்சுகின்றன. மேலோட்டமாகப் பதிந்தவை கரைகின்றன. உறக்கம் என்பது, கற்கும் ஆற்றலுக்காக உயிர் செலுத்தும் விலை என்பதே அவர்தம் முடிவு.

கருதுகோளுக்குச் சான்று வேண்டுமே. 2009 இல் ஜார்ஜோ கிலெஸ்ட்ரோ, டொனோனி, சிரெல்லி ஆகியோர் ஈயின் மூளையில் நரம்புச் சந்திப்புக்குரிய புரதங்களை அளந்தனர். அவற்றுள் ஒன்றின் பெயர் 'புரூக்பைலட்'. விமானத்தை வீழ்த்திவிடும் விமானி என்பது அந்த ஜெர்மன் சொல்லின் பொருள். அப்புரதம் குறைந்த ஈ சரிவரப் பறப்பதில்லை என்பதால் வந்த பெயர். ஈக்கள் விழித்திருந்தபின் இத்தகைய புரதங்கள் மிகுந்திருந்தன; உறங்கியபின் குறைந்திருந்தன. பகலா இரவா என்பது காரணமன்று. இரவு முழுதும் விழிக்கச் செய்த ஈக்களிலும் அவை மிகுந்தே இருந்தன.

2011 இல் டேனியல் புஷி, டொனோனி, சிரெல்லி ஆகியோர் இதனைக் கண்ணால் காணச் செய்தனர். சிறு குழாய்களில் தனித்து வாழ்ந்த ஈக்களுள் சிலவற்றை, வெளிச்சமும் இடமும் நிறைந்த பெரிய கூண்டில் பல ஈக்களோடு ஒருநாள் பறக்கவிட்டனர். 'ஈக்களின் கடைவீதி' என்று அதற்கு விளையாட்டாகப் பெயர் வைத்தனர். திருவிழாவுக்குச் சென்ற சிறுவனைப்போல அந்த ஈக்கள் புதியன பல கண்டன. அதன்பின் அவற்றின் பார்வைக்குரிய ஒரு நரம்பணுவை நோக்கினால், அதில் கிளைகளும் நுண்முட்களும் பெருகியிருந்தன. உறங்கவிட்ட ஈக்களில் அவை மீண்டும் குறைந்தன. உறங்கவிடாத ஈக்களில் குறையவே இல்லை. நாள் கழிந்தது மட்டும் போதாது. உறங்கியாக வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

பாலூட்டிகளிலும் இதற்கு ஒப்பான செய்தி கிடைத்தது. 2017 இல் சுண்டெலிகளின் மூளையில் ஆயிரக்கணக்கான சந்திப்புகளை மின்னணு நுண்ணோக்கியால் அளந்தபோது, விழிப்புக்குப் பின்னர் இருந்ததைவிட உறக்கத்துக்குப் பின்னர் அவற்றின் தொடுபரப்பு சராசரியாக 18 விழுக்காடு குறைந்திருந்தது.

உறக்கம் தந்த நினைவு

சந்திப்புகள் மாறுவதைக் கண்டோம். நினைவு என்ன ஆயிற்று? 2006 இல் இந்திராணி கங்குலி, ஜெஃப்ரி டான்லி, பால் ஷா ஆகியோர் இதற்கு விடை தேடினர். கூட்டமாக வாழ்ந்த ஈக்கள், தனித்து வாழ்ந்தவற்றைவிடப் பகலில் மிகுதியாக உறங்கின. பிறரோடு பழகுவதும் ஒரு கல்வியே அன்றோ! அடுத்து, ஆண் ஈக்களுக்குக் காதல் தொடர்பான ஒரு பாடம் கற்பித்தனர். துணையாக ஏற்க மறுக்கும் ஈயை மீண்டும் மீண்டும் நாடிய ஆண் ஈ, அம்முயற்சியைக் கைவிடக் கற்கிறது. பாடம் கற்றபின் அது கூடுதலாக உறங்கிற்று. அவ்வுறக்கத்தைத் தடுத்தபோது நெடுநாள் நினைவு உருவாகவில்லை.

2011 இல் இவ்வாய்வு மேலும் ஒரு படி ஏறிற்று. சுற்றுப்புற வெப்பத்தைச் சற்றே உயர்த்தினால் உறக்கம் தரும் நரம்பணுக்கள் விழித்தெழுமாறு, டான்லியும் ஷாவும் பிறரும் ஈக்களை மரபணு வழியில் அமைத்தனர். நெடுநாள் நினைவைத் தரப் போதாத சுருக்கமான பயிற்சியை முதலில் அளித்தனர். பின் வெப்பத்தை உயர்த்தி உறங்கச் செய்தனர். அப்போது அந்த அரைகுறைப் பாடமும் நெடுநாள் நினைவாயிற்று! அதே நரம்பணுக்களைத் தூண்டியும் ஈயை உறங்கவிடாது தட்டிக்கொண்டே இருந்தால் நினைவு உண்டாகவில்லை. ஆகவே பயன் தந்தது உறக்கமே.

2015 இல் வந்த ஒரு செய்தி இன்னும் வியப்புக்குரியது. மந்த ஈ என்று பெயர் பெற்ற டன்ஸ் வகை ஈக்களையும், அதுபோலவே பாடம் ஏறாத வேறொரு வகை ஈக்களையும் மிகுதியாக உறங்கச் செய்தபோது, அவற்றின் நினைவாற்றல் மீண்டது. மரபணுக் குறை நீங்கவில்லை. அது அப்படியே இருந்தது. ஆயினும் உறக்கம் வேறொரு வழியில் ஈடு தந்தது. பிறவிக் குறை உடையது என்று ஒதுக்கப்பட்ட ஈக்குத் தேவைப்பட்டது சற்றுக் கூடுதலான ஓய்வு. மந்தம் என்று ஓர் உயிருக்குப் பெயரிடுமுன் நாம் சற்றுத் தயங்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

முடியாத வழக்கு

இவ்வளவும் கேட்டபின், உறக்கத்தின் மறைபொருள் முற்றிலும் வெளிப்பட்டுவிட்டது என்று எண்ணிவிடலாகாது. உறக்கத்தில் சந்திப்புகள் எல்லாம் ஒருசீராகக் குறைவதில்லை. 2014 இல் வெளிவந்த ஒரு சுண்டெலி ஆய்வில், புதிய திறன் ஒன்றைக் கற்றபின் வந்த உறக்கத்தில் சில நரம்பணுக்களில் புதிய நுண்முட்கள் தோன்றியது காணப்பட்டது. 2021 இல் ஈயின் காளான் உடலை ஆராய்ந்தபோதும், உறக்கமிழப்பால் எல்லாச் சந்திப்புகளும் ஒரேவகையாக மாறவில்லை. இடத்துக்கு இடம் மாற்றம் வேறுபட்டது. எங்கும் குறைகிறது என்பதைவிட, குறைய வேண்டியது குறைந்து வளர வேண்டியது வளர்கிறது என்பதே உண்மைக்கு நெருக்கமானதாகலாம்.

உறக்கம் உயிருக்கே இன்றியமையாததா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. 2009 ஆய்வில் பங்குகொண்ட அதே கிலெஸ்ட்ரோ, 2019 இல் இலண்டனிலிருந்து வெளியிட்ட ஆய்வில், ஈக்களின் உறக்கத்தைப் பல நாள்கள் பெரும்பாலும் பறித்தும் அவை மடியவில்லை என்று அறிவித்தார். மறு ஆண்டில் ஹார்வர்டு ஆய்வாளர்கள், நீடித்த உறக்கமிழப்பால் ஈயின் குடலில் கேடு விளைவிக்கும் ஆக்சிசன் மூலக்கூறுகள் சேர்ந்து அதன் வாழ்நாளைக் குறைக்கின்றன என்று காட்டினர். வழக்கு இன்னும் தீரவில்லை. தம் முந்தைய முடிவுக்கு அருகிலேயே புதிய ஐயத்தை நட்டுவைக்கும் இத்துணிவுதான் அறிவியலுக்கு அழகு.

இவ்வேறுபாடுகளுள் நம் மனத்தைத் தொடுவது 2021 இல் பென்சில்வேனியாவில் அமிதா சேகலின் ஆய்வகத்தில் நிதின் சிங் சௌகானும் பிறரும் கண்டது. சர்க்கரையையும் ஒரு மணத்தையும் இணைத்து ஈக்களுக்குப் பாடம் கற்பித்தனர். பாடம் முடிந்தபின் உணவு பெற்ற ஈக்கள் மிகுதியாக உறங்கின. அவற்றின் நினைவு நிலைபெற உறக்கம் வேண்டியிருந்தது. உணவின்றி விடப்பட்ட ஈக்கள் அவ்வாறு கூடுதலாக உறங்கவில்லை. ஆயினும் அவற்றின் நினைவு உறக்கமின்றியே நிலைத்தது. வயிறு நிறைந்த ஈயும் பசித்த ஈயும் ஒரே பாடத்தை மூளையின் வெவ்வேறு வழிகளில் காத்துக்கொண்டன. இரை கிடைக்கும் இடத்தை மறந்துவிட்டால் பசித்த உயிருக்கு வாழ்வில்லை. ஆகவே இயற்கை அதற்கென்று வேறொரு வழியையும் திறந்துவைத்திருக்கிறது.

2024 இல் ஒரு வளர்ந்த பெண் ஈயின் முழு மூளை வரைபடமும் வெளியிடப்பட்டது. அதில் 1,39,255 நரம்பணுக்களும் 5 கோடிக்கும் மேற்பட்ட சந்திப்புகளும் கணக்கிடப்பட்டன. கஹால் வியந்து நோக்கிய சிற்றுயிரின் உள்ளமைப்பு இன்று ஒரு நிலப்படம்போல நம் முன் விரிந்திருக்கிறது. எனினும் நிலப்படம் சாலைகளைக் காட்டுமேயன்றி, இரவில் அச்சாலைகளில் நடப்பதைக் காட்டாது. அதனைக் காண உறங்கும் ஈயினிடமே மீண்டும் செல்ல வேண்டும்.

நாம் எண்ணிப் பார்க்க

ஈயின் வாழ்வு வேறு, மனிதரின் வாழ்வு வேறு. ஈயில் கண்டதை அப்படியே நமக்குப் பொருத்துவது முறையாகாது. எனினும் இவ்வரலாறு நம் நெடுநாள் எண்ணம் ஒன்றை அசைத்துவிடுகிறது. கற்றல் என்பது சேர்த்துக்கொண்டே போவது என்று நாம் நினைத்திருந்தோம். சேர்த்தது நிலைக்க வேண்டுமாயின் விடவும் வேண்டும் என்பதை ஈ காட்டுகிறது. பயிர் செழிக்க உழவர் உரமிடுவது மட்டும் போதாது. களையும் எடுத்தாக வேண்டும். நம் மூளைக்கு அக்களையெடுப்பு நடக்கும் வேளை, நாம் எதையும் செய்யாதிருக்கும் வேளை. நம் முயற்சியால் நடப்பதன்று அது. நாம் முயற்சியை நிறுத்தும்போது நடப்பது.

ஆகவே தேர்வுக்கு முந்திய இரவில் பிள்ளையின் விளக்கை அணைக்கச் சொல்லும் தாய், கல்விக்குத் தடை செய்பவர் அல்லர். கல்வியை நிறைவு செய்பவர். மறதியையும் நாம் முற்றிலும் பழிக்க வேண்டியதில்லை. அன்றாடத்தின் சிறுசிறு செய்திகளும், தெருவில் காதில் விழுந்த பயனற்ற சொற்களும், பிறர் அறியாமல் இழைத்த சிறு குறைகளும் இரவில் கரைந்துபோவது ஒரு நன்மையே. எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவர் எதையும் தெளிவாக நினைக்க இயலாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறக்கம் உடலுக்கும் உள்ளத்துக்கும் இத்துணை வேண்டியதாயின், அதனை எல்லார்க்கும் கிடைக்கச் செய்வது ஒரு சமுதாயக் கடமையாகிறது. இரவுப் பணியிலேயே வாழ்நாளைக் கழிக்கும் தொழிலாளர்கள், ஒழுகும் கூரையின்கீழ் மழையிரவை விழித்தே கழிக்கும் குடும்பங்கள், நடைபாதையில் படுத்து வண்டிகளின் இரைச்சலில் புரளும் ஏழைகள், பசியோடு பாய்விரிக்கும் பிள்ளைகள் ஆகியோர் இழப்பது வெறும் ஓய்வை மட்டும் அன்று. அன்று கண்டதையும் கற்றதையும் தமதாக்கிக்கொள்ளும் வாய்ப்பையும் அவர்கள் இழக்கக்கூடும். காலையில் வகுப்பில் கண்ணயரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அது முந்திய இரவில் உண்டதா, உறங்க இடம் இருந்ததா என்று ஆசிரியர் ஒருமுறை கேட்டால் நல்லது. பாடம் ஏறாதது என்று பெயர் வாங்கிய ஈயும் நன்கு உறங்கியபின் கற்றதை நினைவில் வைத்துக்கொண்டது.